நல்ல கையைக் கட்டிப்போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. ஐந்து மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது நடக்கிறார், பேச்சும் தெளிவாகிவிட்டது. வலது கை மட்டும் மடியிலேயே கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் இடது கைதான். இடது கையால் சாப்பிட மட்டும் மாட்டேன் என்கிறார், அம்மாதான் ஊட்டிவிடுகிறார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், "தினமும் கொஞ்ச நேரம் இடது கைக்கு உறை போட்டு மூடிட்டு, வலது கையாலயே வேலை செய்யச் சொல்லுங்க" என்கிறார். "இருக்கிற ஒரு கையையும் கட்டிப்போடுறதா? செத்த மூளை திரும்பி வருமா?" என்று பெரியப்பா சண்டைக்கு வருகிறார். அம்மா அழுகிறார். என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், திண்டிவனம்

பதில்: பெரியப்பா சொல்வதில் பாதி சரி. ஸ்ட்ரோக்கில் செத்த அணுக்கள் செத்தவைதான். ஆனால் அப்பாவின் கை மடியில் கிடப்பதற்கு அது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர், குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தார். கையை அசைக்கும் நரம்புகளை அவர் தொடவில்லை. இருந்தும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டியதும், அதே கையால் தீனியை எடுக்கத் தொடங்கியது! முதலில் ஏன் விட்டுவிட்டது? நரம்பைத் துண்டித்த ஆரம்ப நாள்களில் அந்தக் கையை நீட்டிய ஒவ்வொரு தடவையும் தோல்வி. மற்ற கையால் காரியம் நடந்துவிட்டது. இப்படியே, 'இந்தக் கை உதவாது' என்று மூளை பழகிக்கொண்டது. பிறகு கைக்குத் தெம்பு திரும்பியபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. (அந்தக் குரங்குகளை வைத்திருந்த விதம் பற்றி 1981இல் பெரிய வழக்கே நடந்தது. அந்த வேதனையை மறந்துவிட்டு இந்த ஆய்வைப் பாராட்ட என்னால் முடியாது.)

ராண்டால்ஃப் நூடோ குழுவினர் 1996இல் இன்னொன்றைக் காட்டினார்கள். குரங்கு மூளையில் சிறிய ஸ்ட்ரோக்கை உண்டாக்கிவிட்டுச் சும்மா விட்டபோது, பக்கத்தில் கைக்கென்று இருந்த நல்ல பகுதியும் சுருங்கியது. கைக்குப் பயிற்சி கொடுத்த குரங்குகளில் அது சுருங்கவில்லை. செத்த பகுதி திரும்ப வராது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம்.

ஸ்ட்ரோக் வந்து ஓராண்டுக்கு மேல் ஆன சிலருக்கு டாப், நல்ல கையைக் கட்டிவிட்டு விழுந்த கைக்குப் பயிற்சி தருவதையே சிகிச்சையாகக் கொடுத்து, பலன் கிடைத்ததாக 1993இல் எழுதினார். பிறகு, ஸ்ட்ரோக் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேரிடம் அமெரிக்காவில் பெரிய ஆய்வு நடந்து, 2006இல் முடிவு வந்தது: இரண்டு வாரப் பயிற்சியின் பலன் ஓராண்டு கழித்தும் நின்றது. உங்கள் அப்பா சரியாக அந்தக் காலத்தில்தான் இருக்கிறார். ஸ்ட்ரோக் வந்த முதல் சில வாரங்களிலேயே மிதமிஞ்சிப் பயிற்சி கொடுத்தவர்களுக்கு மட்டும் பலன் குறைந்ததாக வேறோர் ஆய்வு சொல்கிறது.

அந்த 222 பேர் ஆய்வில் விழித்திருக்கும் நேரம் முழுக்கக் கிட்டத்தட்ட உறைதான், தினமும் ஆறு மணி நேரம் வரை பயிற்சி. வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்ட்டால் அப்படி உட்கார முடியுமா? அதனால்தான் அவர் கொஞ்ச நேரத்தை உங்கள் பொறுப்பில் விடுகிறார். சுருக்கிய முறையிலும் பலன் உண்டு. ஒன்றை மட்டும் அவரிடம் கேளுங்கள்: அப்பாவால் மணிக்கட்டையும் விரல்களையும் சற்றேனும் தானாக மேலே தூக்க முடிகிறதா? துளியும் அசையாத கைக்கு இந்த முறை சரிவராது.

கட்டிப்போட வேண்டாம். பழைய துணியில் தளர்வாக ஓர் உறை தையுங்கள். வேண்டாமென்றால் அப்பாவே பல்லால் இழுத்துக் கழற்றிவிட முடிய வேண்டும். அவர் சம்மதிக்காமல் போடாதீர்கள். நடக்கும்போது, படியேறும்போது, குளியலறையில், அடுப்புப் பக்கத்தில் உறை கூடவே கூடாது. வலது கையை யாரும் பிடித்து இழுக்காதீர்கள், தோள் இறங்கிவிடும்.

சாப்பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்ற அப்பாவின் பிடிவாதம் இங்கே நமக்கு லாபம்! முதலில் சோறு வேண்டாம், சிந்தினால் மனம் விட்டுப்போகும். இட்லியைப் பெரிய துண்டாகப் பிய்த்து, விளிம்பு உயர்ந்த தட்டில் வையுங்கள். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. முதல் நான்கு வாய் அப்பாவே. களைத்த பிறகு அம்மா ஊட்டட்டும். சில நாள் போனதும் ஐந்தாறு வாய் ஆக்குங்கள். அடுத்து டிவி ரிமோட், ஸ்விட்ச், கால் டம்ளர் ஆறிய தண்ணீர். துண்டு வாய்க்குப் போனால் உடனே சொல்லிப் பாராட்டுங்கள், கீழே விழுந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

அம்மாவிடம் ஊட்டுவது தப்பு என்று சொல்லாதீர்கள். இத்தனை நாள் அவர் வயிறு காயாமல் பார்த்துக்கொண்டது அம்மாதான். வலது கை இன்றைக்கு என்னென்ன செய்தது என்று நோட்டில் எழுதும் வேலையை அம்மாவிடமே கொடுங்கள். அடுத்த தடவை பிசியோதெரபிஸ்ட் வரும்போது அந்த நோட்டைக் காட்டி, நேரத்தைக் கூட்டலாமா என்று கேளுங்கள். அன்றைக்குப் பெரியப்பாவையும் வரச் சொல்லுங்கள்.