லைக்கை விடுங்க, ரிசப்ஷன் போனைக் கவனியுங்க

கேள்வி: தாராபுரம் பக்கம் 30 படுக்கை ஆஸ்பத்திரி நடத்துகிறோம். மாதாமாதம் ரீல்ஸ் போட்டுத் தர ஓர் ஏஜென்சி பேக்கேஜ் சொல்கிறது. குணமானவர்களைப் பேச வைத்து வீடியோ எடுக்கலாம் என்கிறார்கள். கோவைக்குப் போகும் நோயாளிகள் இதனால் எங்களிடம் வருவார்களா?

பதில்: பேக்கேஜுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ரிசப்ஷனில் ஒரு நோட்டு வைத்து, ஒரு வாரம் போனில் வரும் கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். "ஏனுங்க, எலும்பு டாக்டர் இன்னைக்கு இருக்காருங்களா?", "காப்பீட்டு அட்டை எடுத்துக்குவீங்களா?", "ஸ்கேனுக்கு வெறும் வயித்துல வரோணுமா?" இப்படித்தான் வரும். நீங்கள் போட வேண்டிய பதிவுகள் இவைதான். மூலனூரிலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு டாக்டர் லீவு என்பது வாசலில்தான் தெரிகிறது என்றால், அந்தக் கோபத்தை எந்த ரீலும் ஆற்றாது.

கூகுள் மேப்பில் நேரமும் போன் நம்பரும் சரியாக இருக்கட்டும். அப்புறம் வாட்ஸ்அப் பிசினஸ், அது இலவசம். அதில் பிராட்காஸ்ட் (ஒரே செய்தியை ஒரே நேரத்தில் பலருக்கு) அனுப்பினால், உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஓ.பி. சீட்டு கொடுக்கும்போதே சம்மதம் கேட்டு, சேவ் செய்யச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு நீளமாக எழுதுவதைவிட வாய்ஸ் நோட் நல்லது. ஆனால் மாத்திரை பெயரை ரிசப்ஷன் பொண்ணு வாட்ஸ்அப்பில் சொல்லக் கூடாது. போன், வீடியோ வழி மருத்துவத்துக்கான 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி அது பதிவு பெற்ற மருத்துவரின் வேலை.

வீடியோ வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைக்காலம் தொடங்கும் முன், பாம்புக்கடி பற்றி உங்கள் டாக்டரே ஒரு நிமிடம் பேசட்டும். இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, வாய் வைத்து உறிஞ்சாதீங்க, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே கூட்டி வாங்க, 108-ஐக் கூப்பிடுங்க. விஷமுறிவு மருந்து உங்களிடம் இருப்பு இருந்தால் அதையும் சொல்லலாம். ராத்திரி காட்டுக்குத் தண்ணி பாய்ச்சப் போகிறவர் அதைத் தன் ஊர் குரூப்பில் தானே போடுவார். பின்னணி இசை, பறக்கும் எழுத்தெல்லாம் வேண்டியதில்லை.

குணமானவர் வீடியோவை மட்டும் தொடாதீர்கள். 2002 மருத்துவ ஒழுக்க விதிகள், குணப்படுத்தியதையும் ஆபரேஷனையும் பெருமையடித்துக் கொள்ளவோ வெளியிட விடவோ கூடாது என்கின்றன. புதிய விதிகள் 2023 ஆகஸ்டில் வந்தன, அதே மாதமே நிறுத்தி வைக்கப்பட்டன, அதனால் பழைய விதிகளே பொருந்தும். மருத்துவமனை திறப்பு, டாக்டர் விடுமுறை, திரும்பி வருவது, கட்டணம் போன்றவற்றை அறிவிக்கத் தடையில்லை. சர்க்கரையை அடியோடு குணமாக்குவோம் என்று போட்டாலோ இப்படிப்பட்ட மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954 சட்டமே குறுக்கே நிற்கும்.

கூகுளில் யாராவது திட்டி எழுதினால், "உங்க அம்மாவுக்கு வரும்போதே சுகர் 400 இருந்துச்சே" என்று பதில் போட்டுவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கலாம், ஆனால் அந்தம்மாவின் நோயை ஊருக்கே சொன்னதாகிவிடும். வருத்தம் தெரிவித்து, நேரில் பேச ஒரு நம்பர் கொடுங்கள், போதும்.

கோவைக்குப் போகிறவர்களைப் பொறுத்தவரை, பெரிய ஆபரேஷனுக்கு அவர்கள் போகத்தான் செய்வார்கள். திரும்பி வந்தபின் தையல் பிரிக்கவும் பிபி பார்க்கவும் அங்கே ஓட முடியாது. அதற்கு யார் எந்த நேரம் இருக்கிறார்கள் என்பதை முதல் வாய்ஸ் நோட்டாக இந்த வாரமே அனுப்பிப் பாருங்கள்.