போரில் இறந்த ஒருவரை ஐம்பது வருஷம் கழித்தும் கூட இருந்தவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்களா?

நினைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு டிசம்பர் தோறும் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவரைப் பற்றிச் சொன்னாலே இந்தக் கேள்விக்குப் பதில் ஆகிவிடும்.

என் பெரியப்பா ஐ.என்.எஸ். குக்ரி என்ற இந்தியக் கடற்படைப் போர்க்கப்பலில் ஸ்டோக்கர். கொதிகலன் அறையில் வேலை. 1971 டிசம்பர் 9 இரவு ஒன்பது மணி வாக்கில், டையூ கரையிலிருந்து சுமார் 40 கடல் மைல் தொலைவில், பாகிஸ்தானின் ஹேங்கோர் என்ற நீர்மூழ்கிக் கப்பல் குக்ரியை டார்பிடோவால் அடித்தது. சில நிமிஷங்களில் கப்பல் மூழ்கிவிட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போய்விட்டார்கள். மறுநாள் உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 67 பேர். பெரியப்பா அதில் இல்லை. வயது இருபத்துமூன்று.

குக்ரி என்றதும் எல்லோரும் கேப்டன் முல்லாவைத்தான் கேட்பார்கள். தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனவர், மகாவீர் சக்ரா வாங்கியவர். கேட்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பற்றிக் கேட்டதில்லை. கொதிகலன் அறையிலிருந்து மேல்தட்டுக்கு ஏற எத்தனை ஏணி, ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்றுதான் பாட்டா கேட்டாராம்.

கேட்டது கொல்லத்து மாமாவிடம். மாமா மலையாளி. பெரியப்பாவும் அவரும் 1965-ல் ஒன்றாகச் சேர்ந்தவர்கள், லோனாவ்லாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள், அப்புறம் குக்ரியில் ஒரே மெஸ். 1971 ஆகஸ்டில் மாமாவுக்கு பம்பாயில் கரை வேலைக்கு மாற்றல் வந்துவிட்டது. பெரியப்பா கப்பலிலேயே இருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர் பக்கம். மீன்பிடிக் குடும்பம், கத்தோலிக்கர்கள். தந்தி இங்கிலீஷில் வந்ததால் பங்குச் சாமியார்தான் படித்துச் சொன்னார். காணவில்லை, இறந்திருக்கலாம் என்று இருந்ததாம். பாட்டி அந்த 'லாம்'-ஐப் பிடித்துக்கொண்டாள். கடலில் விழுந்தவன் எங்காவது கரையேறுவான், அவளுடைய சொந்த அண்ணனே மூன்று நாள் கழித்து விழிஞ்ஞத்தில் கரையேறியவர். பாகிஸ்தான்காரன் பிடித்து வைத்திருப்பான், விட்டுவிடுவான். இப்படியே பேசிக்கொண்டிருப்பாளாம். இறந்தவர்களுக்கான பூசை ஒப்புக்கொடுக்க விடவில்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, தன் மாமியார், மாமனார் கல்லறையில் ஏற்றிவிட்டு வந்துவிடுவாள். மகனுக்கென்று ஒன்று வாங்கவே மாட்டாள்.

1972-ல் லீவு கிடைத்ததும் மாமா முதல் தடவை வீட்டுக்கு வந்தார். கையில் முப்பது ரூபாய். மாற்றலாகிப் போகும்போது பெட்டி வாங்க பெரியப்பாவிடம் கடன் வாங்கியதாம். பாட்டி வாங்கவில்லை.

"அத நீயே வச்சுக்க மக்கா. அவன் வந்து உங்கிட்ட வாங்கிக்கிடுவான்."

அடுத்த டிசம்பரும் வந்தார். அதே முப்பது ரூபாய், ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம். சிப்ஸை வாங்கிக்கொண்டாள், பணத்தை வாங்கவில்லை. அவர் லீவு போட முடிந்த வருஷமெல்லாம் இதேதான் நடந்தது. அப்பா அப்போது பையன். அந்தப் பணத்தை என்னிடமாவது கொடுக்கக் கூடாதா என்று மனசுக்குள் நினைத்ததுண்டு என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

பணத்துக்கு இடம் இல்லை என்றானதும் மாமா கதை சொல்ல உட்கார்ந்துவிடுவார். நீங்கள் நினைக்கும் போர்க்கதை இல்லை. அவருக்குத் தெரிந்தது மூன்றே கதைதான், மூன்றும் வருஷா வருஷம் வரும். அதில் ஒன்று குடம்புளிக் கதை. லீவு முடிந்து போகும்போது பாட்டி ஒரு பொட்டலம் குடம்புளி கட்டிக் கொடுப்பாள். பெரியப்பா அதை லாக்கரில் யூனிஃபார்முக்கு அடியில் வைப்பார். புகை போட்டுக் காயவைத்த புளி, வாசனை சும்மா இருக்குமா? வெள்ளைச் சட்டையில் ஏறி, பரேடில் பெட்டி ஆபீசர் இவர் பக்கத்தில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினாராம். தண்டனை கிடைத்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஆபீசரே ஒரு மீனை வாங்கிக் கொடுத்து, "அதைப் போட்டு வை பார்ப்போம்" என்றாராம்.

முதலில் அந்தக் குழம்பை ஆறு பேர் சாப்பிட்டார்கள். நான் கேட்கும் வயது வந்தபோது மெஸ்ஸே சாப்பிட்டிருந்தது. "போன வருஷம் பதினஞ்சு பேருன்னீங்க" என்று அப்பா இடைமறிப்பார். பாட்டி மட்டும் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை. "அது நான் குடுத்துவிட்டது" என்பாள், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோல.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பதினேழு வயது வரைக்கும் பெரியப்பா எங்கள் வீட்டுப் பிள்ளை. அதற்கப்புறம் உள்ள ஆறு வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த ஆறு வருஷம் மாமாவிடம்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொடுத்தார். பதிலுக்கு, சின்னப் பிள்ளையில் பெரியப்பா கட்டுமரத்திலிருந்து தவறி விழுந்தது, உபதேசியார் கையால் அடி வாங்கியது எல்லாவற்றையும் மாமாவும் வாங்கிக்கொண்டு போவார். வீரம், தியாகம் என்ற வார்த்தைகள் அந்தத் திண்ணையில் விழுந்து நான் கேட்டதில்லை.

1980 டிசம்பரில் பணத்தை நீட்டும் முன்பே பாட்டி கேட்டாளாம். "அந்த முப்பது ரூவாயக் கொண்டா மக்கா. பூசைக்குக் குடுக்கணும்."

அவ்வளவுதான். யாரும் எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை முதல் பூசையில் பெரியப்பா பெயரை இறந்தவர்கள் வரிசையில் வாசித்தார்கள். ஒன்பது வருஷம்! இது என்ன பிடிவாதம் என்று நான் நினைத்ததுண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்து, எங்கள் பக்கத்திலிருந்து போன எத்தனையோ பேர் திரும்பாமல் போனபோதுதான் புரிந்தது. உடல் கிடைக்காத வீடுகளில் பெண்கள் அப்படியேதான் பேசினார்கள். லட்சத்தீவில் ஏறியிருப்பான், வேறு கப்பல் தூக்கியிருக்கும், போன் நனைந்திருக்கும். அந்த டிசம்பரில் மாமா வந்தபோது எங்கள் வீட்டில் அரை மணி நேரம்தான் இருந்தார். மீதி நேரமெல்லாம் அந்த வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார் என்று தெரியாது.

பாட்டி 2003-ல் போனாள். பாட்டா அதற்கு முன்பே.

நாற்பதாவது வருஷம், 2011 டிசம்பரில், மாமா, அப்பா, நான் மூன்று பேரும் டையூ போனோம். திருவனந்தபுரத்திலிருந்து வேராவல் எக்ஸ்பிரஸ், அங்கிருந்து பஸ். நினைவிடம் கடலைப் பார்த்த ஒரு சின்ன மேட்டில் இருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் மாதிரி. 1999-ல் திறந்தது. சுற்றுலா வந்தவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் தப்பில்லை, எடுக்கத்தானே வைத்திருக்கிறார்கள். மாமா கண்ணாடியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பிறகு புகைபோக்கிக்குக் கீழே ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க. இதுக்கு அடியில."

கொஞ்ச நேரம் கழித்து, விரலை எடுக்காமலே, "எனக்குப் பதிலா வந்த பையனும் இங்கதான்" என்றார். முப்பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பையனைப் பற்றி அன்றுதான் முதல் தடவை சொன்னார். வடக்கத்திப் பையன். ஒரே ஒரு நாள் கூட இருந்து வேலையைக் காட்டிக் கொடுத்துவிட்டு இவர் இறங்கிவிட்டார். பெயர் மறந்துவிட்டது. பூட்ஸ் அவனுக்குப் பெரிதாக இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவன் வீட்டுக்கு யார் போனார்கள் என்று எங்களிடம் கேட்டார். நாங்கள் என்ன சொல்ல?

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அதே டிசம்பர் 9-ஐ பாகிஸ்தான் கடற்படை ஹேங்கோர் தினமாகக் கொண்டாடுகிறது. அந்த நீர்மூழ்கியை கராச்சி கடல்சார் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். "அவங்க வேலைய அவங்க செஞ்சாங்க. அவங்க ஆளுங்களும் இப்போ கெழவனாயிருப்பாங்க" என்றார். அவருக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். டிசம்பர் 4 கடற்படை தினம், கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய நாள், அன்று டிவியில் அமர்க்களப்படும். ஐந்து நாள் கழித்து வரும் 9-ம் தேதி சத்தமில்லாமல் போய்விடும். சுதந்திர இந்தியா போரில் இழந்த ஒரே போர்க்கப்பல் குக்ரி. "தோத்த கணக்க எழுதமாட்டானுங்க" என்பார்.

அப்புறம் டெல்லியில் தேசியப் போர் நினைவிடம் 2019-ல் திறந்தபின், வேலை விஷயமாகப் போனபோது பெரியப்பா பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன். வட்ட வட்டமான கிரானைட் சுவர்களில் ஆயிரக்கணக்கான பெயர்கள். விரலை வைத்து வீடியோ காலில் இரண்டு பேருக்கும் காட்டினேன். அப்பா பேசவில்லை. மாமா, பக்கத்துக் கல்லையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெயரைப் பார்த்தால் அந்தப் பையன் ஞாபகத்துக்கு வருவான் என்று நினைத்திருப்பார். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

இப்போது மாமாவுக்கு எழுபத்தெட்டு. முட்டி ஒத்துழைக்கவில்லை, வருவதில்லை. டிசம்பர் 9 அன்று சாயங்காலம் போன் வரும். அப்பாதான் எடுப்பார். குடம்புளிக் கதை ஸ்பீக்கரில் ஓடும்.

டையூவில் அன்று நினைவிடத்திலிருந்து இறங்கும்போது, கப்பல் எந்தத் திசையில் கிடக்கிறது என்று மாமா காவலாளியிடம் கேட்டார். அவர் கடலைக் காட்டிக் கையை ஒரு வீச்சு வீசினார். அந்தப் பக்கம் வெறும் தண்ணீர்.

"நாப்பது மைல்னா நம்ம வள்ளத்துல ஆறு மணி நேரம்" என்றார் அப்பா. "சூறை மீனுக்கு நான் அதவிட தூரம் போயிருக்கேன்."

"அவ்வளவு பக்கத்துலயா?" என்றார் மாமா.

அப்பா பதில் சொல்லவில்லை. காற்று எங்கேயிருந்து அடிக்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.