பத்துக் கைகள் வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு ஆதரவு கோரி, நகைச்சுவையான விளம்பர வரிசை ஒன்றைத் தயாரிக்கிறோம். முதல் படத்தில் அம்மனைப்போலப் பத்துக் கைகளுடன் ஒரு பெண். ஒரு கையில் மடிக்கணினி, ஒன்றில் தோசைக்கரண்டி, ஒன்றில் பால்புட்டி. சிரிக்க வைத்தால் விஷயத்தின் கனம் குறைந்துவிடுமோ என்று மேலாளர் தயங்குகிறார். தமிழில் முதலில் வெளியிடுவதா, ஆங்கிலத்திலா என்றும் குழப்பம். தங்கள் கருத்து என்ன?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எந்த மொழியில் வெளியிடுவது என்பதை உங்கள் அலுவலகமே தீர்மானித்துக்கொள்ளட்டும். கனம் குறையுமோ என்ற தயக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தப் பத்துக் கைப் படத்தை மட்டும் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். பத்துக் கைகளை வரைந்து கும்பிட்டுவிட்டால், பதினோராவது வேலையையும் அவள் தலையிலேயே கட்டலாம் என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆவீர்கள். இதை யோசிக்காமலா வரைந்தீர்கள்?

2014இல் அன்னையர் தினத்தை ஒட்டி அமெரிக்கன் கிரீட்டிங்ஸ் என்ற வாழ்த்து அட்டை நிறுவனம், போலியான வேலை நேர்காணல் ஒன்றைப் படம் பிடித்து வெளியிட்டது. நாள் முழுக்க நிற்க வேண்டும், விடுமுறை கிடையாது, சம்பளமும் கிடையாது என்று கேட்டுத் திகைத்தவர்களிடம், அந்த வேலையைத் தாய்மார்கள் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கடைசியில் சொல்வார்கள். உலகமே கண் கலங்கிப் பகிர்ந்த படம் அது. ஆனால் சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பை நாடு முழுவதற்குமான சட்டமாக இன்றுவரை தராத தேசத்திலிருந்து வந்த அந்தப் படம், அம்மாவுக்கு ஓர் அட்டை அனுப்புங்கள் என்பதோடு நின்றுவிட்டது.

சுவீடனில் நடந்ததைப் பாருங்கள். 1974இல் அங்கே பேறுகால விடுப்பைப் பெற்றோர் விடுப்பாக மாற்றி, தாயும் தந்தையும் பகிர்ந்துகொள்ளும்படி 180 நாட்கள் தந்தார்கள். பெரும்பாலான ஆண்கள் எடுக்கவில்லை. 1970களின் பிற்பகுதியில் லென்னார்ட் தால்கிரென் என்ற பளுதூக்கும் வீரரின் தடித்த கரத்தில் ஒரு சின்னஞ்சிறு குழந்தையை அமரவைத்து, விடுப்பிலிருக்கும் அப்பா என்று அரசு சுவரொட்டி வெளியிட்டது. பார்த்தவர்கள் புன்னகைத்தார்கள். அப்புன்னகை தாயை நோக்கியதல்ல, ஆண்மை பற்றிய வீம்பை நோக்கியது. அதற்குப் பின்னால் ஒரு சட்டமும் நின்றது. அதுவும் போதவில்லை என்று கண்டு, 1995இல் ஒரு மாதத்தைத் தந்தை எடுக்காவிட்டால் குடும்பமே இழக்கும் என்று விதித்த பிறகுதான் ஆண்கள் பெருமளவில் வந்தார்கள். இன்று விடுப்பு நாட்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை அவர்கள் எடுக்கிறார்கள்.

முன்பு என்னோடு ஒரே பிரிவில் இருந்த ஒரு பெண், விடுப்பு முடிந்து கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். பதினொரு மணியானால் பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கும். பழைய பதிவேடுகள் அடுக்கிய அறைக்குப் போய், தாழ்ப்பாள் இல்லாத கதவில் முதுகைக் கொடுத்து நின்றபடி, ஒரு துண்டில் பாலைப் பீய்ச்சிவிட்டு வருவார். ரவிக்கை நனைந்தது தெரியாதிருக்க ஃபைல் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பார். 'எப்போதும் ஃபைலும் கையுமாக இருக்கிறாரே, பெரிய உழைப்பாளி' என்று பக்கத்து மேசைக்காரர் சொல்ல, அறையே சிரித்தது. பத்துக் கைப் படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தச் சிரிப்புத்தான் கேட்டது, அம்மா.

நம் நாட்டின் பேறுகால நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பு 26 வாரமானது; 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் சேர்த்தார்கள். தனியார் துறையில் தந்தைக்கு ஒருநாள்கூடச் சேர்க்கவில்லை. உங்கள் நகைச்சுவைக்கு உரிய இடம் இங்கே இருக்கிறது. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றதும், சரக்கறையிலிருந்த பெட்டிகளை அவசரமாக ஒதுக்கி ஒரு தொட்டிலை உள்ளே தள்ளும் மேலாளரை வரையுங்கள். மனைவிக்குப் பிரசவம் என்று விடுப்புக் கேட்பவரிடம், 'உனக்கா பிரசவம்?' என்று கேட்கும் முதலாளியை வரையுங்கள். எந்தச் சட்டம் மீறப்படுகிறது, எந்தச் சட்டம் இன்னும் வரவேண்டும் என்பதை ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதுங்கள்.

வரைந்ததும் எனக்கு அனுப்புங்கள். கூடவே, உங்கள் நிறுவனத்தில் 50 பேர் இருக்கிறார்களா, காப்பகம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதையும் மேலாளரிடம் கேட்டு எழுதுங்கள்.