பதினான்கு இடங்களும் ஒரு பகலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

துபாயில் வேலை பார்த்த காலத்தில் விடுமுறைக்கு ஜார்ஜியா சென்றிருந்தேன். டிபிலிசியிலிருந்து வழிகாட்டியுடன் ஒரு நாள் மலைப்பாதைப் பயணம்: அனனூரி கோட்டை, குடௌரி, ஜ்வாரி கணவாய், கடைசியாக 2,170 மீட்டர் உயரத்தில் இருக்கும் கெர்கெட்டி தேவாலயம். இப்போது ஊர் திரும்பி வேன் வாங்கியிருக்கிறேன். அதே போல நம் கடற்கரையில் ஒரு நாள் சுற்றுலா நடத்த ஆசை. உத்தரகோசமங்கை, தேவிபட்டினம், ஏர்வாடி, கீழக்கரை, திருப்புல்லாணி, அரண்மனை, பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி உட்படப் பட்டியலில் பதினான்கு இடங்கள் இருக்கின்றன. மலையே இல்லாத ஊரில் இது எடுபடுமா?

ஒரு வாசகர், மண்டபம்.

அன்புள்ள நண்பருக்கு,

எடுபடும்; பதினான்கு இடங்களோடு எடுபடாது. உங்களுக்கு ஜார்ஜியப் பயணம் மனத்தில் நின்றதற்கு மலை மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். நீங்கள் சென்றது 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் படை காகசஸ் மலைத்தொடரைக் கடப்பதற்காகச் சீரமைத்த ராணுவச் சாலை. வழியை ஆண்ட அரக்வி பிரபுக்களின் கோட்டை, 1783இல் ஜார்ஜியா ரஷ்யாவோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் இருநூறாம் ஆண்டுக்காக 1983இல் குடௌரியருகே கட்டப்பட்ட நினைவு மேடை, கணவாய், தேவாலயம் எல்லாம் அந்த ஒரே சாலையில் வரிசையாக வருகின்றன. வழிகாட்டி ஒரே கதையைத்தான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு போயிருப்பார். உங்கள் பட்டியலில் இடங்கள் இருக்கின்றன, சாலை இல்லை.

நமக்கும் அப்படி ஒரு சாலை உண்டு. ராமநாதபுரத்தில் தொடங்கி மண்டபம், பாம்பன் வழியாகத் தீவுக்குள் நுழைந்து, தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள அரிச்சல்முனையில் முடிகிற, இலங்கையை நோக்கியே போடப்பட்ட வழி அது. அதில் இல்லாதவற்றையெல்லாம் தயங்காமல் அடித்துவிடுங்கள். தேவிபட்டினம் வடக்கே, உத்தரகோசமங்கை தென்மேற்கே. இரண்டையும் சேர்த்தால் பயணிகள் வேனின் உட்புறத்தைத்தான் பார்ப்பார்கள்.

காலையில் ராமலிங்க விலாசம். இந்த வழியில் வரும் யாத்திரிகர்களைக் காப்பதைத் தம் கடமையாகக் கொண்டிருந்த சேதுபதிகளின் அரண்மனையில் தொடங்குவதுதான் பொருத்தம். போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி கட்டியது. சுவரோவியங்கள் அவருக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. ராஜராஜேஸ்வரி அம்மன் அரசருக்குச் செங்கோல் வழங்கும் காட்சி, தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியரைச் சேதுபதி வரவேற்கும் காட்சி ஆகிய மூன்றின் முன்னும் நிறுத்திப் பேசினால் போதும். ராமாயணக் காட்சிகளை வந்தவர்களே அடையாளம் கண்டுகொள்வார்கள். அதில் அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி, அதைக் கெடுக்க வேண்டாம்.

பாம்பனில் எல்லோரும் 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பாலத்தின்மேல் வண்டியை நிறுத்துவது சட்டப்படியும் சரியில்லை, காற்று வீசும் நாளில் பாதுகாப்பும் இல்லை. கரையில் இறக்கி, 1914 முதல் 2022 டிசம்பர் வரை ரயில் ஓடிய பழைய பாலத்தைப் பற்றிச் சொல்லுங்கள். கப்பல் வந்தால் நடுவிலிருந்த ஷெர்சர் தூக்குப் பகுதியின் இரு இறக்கைகளையும் ஆட்கள் கையால் சுழற்றித்தான் மேலே தூக்கினார்கள். 1964 புயலில் அதன் கர்டர்களில் பெரும்பகுதி கடலுக்குள் போனபின், ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாளில் பாலத்தை மீட்டார். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே நேராக மேலெழுகிறது. எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயில் பிடித்துக் கொழும்பு சேர்ந்த போட் மெயிலின் கதையை இங்கேயே தொடங்கிவிட்டால், தனுஷ்கோடியில் நீங்கள் அதிகம் பேச வேண்டியிராது.

ராமேஸ்வரம் கோயிலைப் பொறுத்தவரை என் கருத்துச் சிலருக்குப் பிடிக்காது. 22 தீர்த்தமும் ஆடித் தரிசனம் செய்ய விரும்புகிறவர்களை முந்தின நாளே வரச் சொல்லிவிடுங்கள். ஈரத்துணியோடும் வரிசைக் களைப்போடும் வேனில் ஏறுகிறவருக்கு அதற்குமேல் எதுவும் ஏறாது. அதற்குப் பதிலாகக் கந்தமாதன பர்வதத்துக்கு அழைத்துச் செல்லலாம். பெயர்தான் பர்வதம், உண்மையில் ஒரு மணல்மேடு. ஆனால் தீவிலேயே உயரமான இடம் அதுதான், அங்கிருந்து தீவின் கிடப்பு தெரியும். உங்கள் மலைக்குறையும் ஓரளவு தீரும்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை 2017இல் திறக்கப்பட்டது. பொழுது சாயும் முன்பே திரும்பச் சொல்லிவிடுவதால், பிற்பகல் மூன்று மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். புயல் ஊரை அழித்த 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவைப் பற்றிச் சொல்வதற்கு முன், இடிந்த தேவாலயச் சுவரருகே அழைத்துச் சென்று கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது பவளப்பாறைக் கல். விரலை ஓட்டினால் சிறுசிறு கண்ணறைகள் உறுத்தும். கரையிலிருந்து சில அடிகள் தள்ளி மணலைத் தோண்டிய ஊற்றில் பெண்கள் நல்ல தண்ணீர் மொள்வதையும் காட்டுங்கள். ஊர் அழிந்தது என்று சொல்லப்படும் இடத்தில் மீனவக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன என்பதை அந்த ஊற்றைப் பார்த்தவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முனையில் நின்று 'இங்கேதான் வங்கக் கடலும் இந்தியப் பெருங்கடலும் சேருகின்றன, ஒன்று பெண் கடல், இன்னொன்று ஆண் கடல்' என்று வேன்காரர்கள் ஒப்பிப்பதை நீங்களும் ஒப்பிக்க வேண்டாம். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார்ப் பக்கம் கொந்தளிக்கும், வடகிழக்கு வாடையில் மறுபக்கம் கொந்தளிக்கும். மீனவர்கள் அதற்கேற்பக் கரை மாற்றித் தொழில் செய்கிறார்கள் என்பது ஆண், பெண் கதையைவிடச் சுவையான செய்தி.

கீழக்கரையை அடிக்கச் சொன்னதில் எனக்கே வருத்தம்தான். கிழவன் சேதுபதியும் கீழக்கரை வள்ளல் சீதக்காதியும் சமகாலத்தவர்கள். திராவிடப் பாணிக் கல்தூண்களோடு நிற்கும் அங்குள்ள ஜும்மா பள்ளிவாசலைக் காணாமல் அரண்மனைக் கதை முழுமையாகாது. ஆகவே கீழக்கரை, திருப்புல்லாணி, சேதுக்கரை மூன்றையும் சேர்த்து இன்னொரு வழியாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் மட்டும் பள்ளிக்குப் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் தனுஷ்கோடிக்கு விடமாட்டார்கள். அப்படி நேர்ந்தால், மழை அனுமதிக்கும் அளவுக்கு இந்த இரண்டாவது வழியில் அழைத்துச் செல்வீர்கள் அல்லது பணத்தைத் திருப்பித் தருவீர்கள் என்று முன்பணம் வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.