பில் போடும் பெண் சும்மா இருந்துவிடவில்லை

வணக்கம். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு அம்மா நெய் பாட்டிலைக் கட்டைப்பைக்குள் செருகியதைப் பார்த்து பில் கவுண்டரில் சொன்னீர்கள், அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த பில்லைப் போட்டார், இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மதுரையில் இப்படி ஒரு கடையில் மூன்று வருடம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். கல்லாவை விட்டு அவர் எழுந்து வர முடியாது. தவிர, ஆள் கவுண்டரைத் தாண்டும்வரை நாங்கள் வாய் திறக்க மாட்டோம். "பில் போடத்தானே எடுத்தேன்" என்று சொன்னால் நம்மிடம் பதில் இல்லையே! தாண்டிய பிறகுதான் பேச்சு. அதுவும், "அம்மா, ஒரு பொருள் பில்லில் விட்டுப்போச்சு போல" என்றுதான் ஆரம்பிப்போம். பெரும்பாலும் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பையில் கை விடவே மாட்டோம். பெண்ணைச் சோதிப்பதென்றால் போலீஸே ஆனாலும் இன்னொரு பெண்தான் செய்ய வேண்டும்.

போலீஸ் வரை போவது அபூர்வம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவிலும், 5,000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டுக்கு, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை.

அடுத்த முறை அலமாரிகளுக்கு நடுவே நிற்கும் ஊழியரிடம் என்ன பொருள், எந்த வரிசை, என்ன நிறப் புடவை என்று மெதுவாகச் சொல்லுங்கள். கேமராவில் தேட அது போதும். வீடியோ எடுத்து வாட்ஸப்பில் போட வேண்டாம்.

அப்புறம், எங்கள் கடையில் சரக்கு குறைந்தால் ஊழியர் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு உங்களைவிட அக்கறை அதிகமாகவே இருந்திருக்கும்.