எண்ணெய்க் கழிவுநீரும் மீன்குஞ்சும்: செட்டிநாட்டுக் கண்மாய்க்காரர்கள் கேட்டவை

தேவகோட்டைப் பக்கம், கண்மாய் குத்தகை: அண்ணே, எண்ணெய்க் கிணறெல்லாம் நரிமணம், குத்தாலம் பக்கம்தானே இருக்கு? நமக்கு ஏன் இந்தக் கவலை?

கண்மாய்க்குள் எண்ணெய் வரக் கிணறு பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. டேங்கர் கழுவுகிற இடம், சர்வீஸ் ஸ்டேஷன், பழைய இன்ஜின் ஆயிலை மண்ணில் கொட்டுகிற பட்டறை என்று பல இடங்களில் தேங்குவது, முதல் மழையில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியாக இறங்கிவிடும். கிணற்றிலிருந்து எண்ணெயோடு ஏறிவரும் தண்ணீரில் உப்பு, அம்மோனியா, பென்சீன் எல்லாம் கூடுதலாக இருக்கும். சில கிணறுகளில் அந்த உப்பு கடல்நீரையும் மிஞ்சும். ஆனால் குஞ்சின் உடலமைப்பையே கெடுக்கிற பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் (பல கார்பன் வளையங்கள் ஒட்டிய நச்சுப்பொருள்கள், ஆங்கிலத்தில் PAH) கச்சா எண்ணெயிலும் உண்டு, ஓடித் தேய்ந்த இன்ஜின் ஆயிலிலும் உண்டு.

காரைக்குடி, விலங்கியல் மாணவி: சார், தண்ணி மேல படலமே தெரியலைன்னா பயமில்லைன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள். படலம் கண்ணுக்குத் தெரிகிற பங்கு மட்டுமே. முட்டைக்குள் போவது கரைந்த பங்கு. மூன்று வளையம் கொண்ட பினாந்த்ரீன் போன்றவை கொஞ்சமாகக் கரைந்தாலும் முட்டையின் சவ்வைத் தாண்டி மஞ்சள் கருவின் கொழுப்பில் போய்ச் சேரும். அங்கே பாதிக்கப்படுவது இதயம். துடிப்பை நடத்தும் பொட்டாசியம், கால்சியம் ஓட்டத்தைக் கச்சா எண்ணெய் தடுப்பதை 2014இல் சூரைமீனின் இதயச் செல்களில் காட்டினார்கள். துடிப்பு தளர்ந்து தாளம் தப்பும். இதய உறையிலும் மஞ்சள் கருப் பையிலும் நீர் கோத்துக்கொள்ளும். ரத்த ஓட்டம் குறைவதால் தாடை சரியாக வளராது, முதுகெலும்பு வளையும். உருப்பெருக்கியில் பார்த்தால் தலைக்குக் கீழே கண்ணாடிக் கொப்புளம் போல ஒரு வீக்கம், அதற்குள் நூலாக நீண்டு மெலிந்த இதயம்.

இன்னொன்று வெயில். குஞ்சின் உடல் ஒளி ஊடுருவக்கூடியது. உடம்பில் சேர்ந்த சில வகை ஹைட்ரோகார்பன்கள் புற ஊதாக் கதிர் பட்டதும் பலமடங்கு நச்சாகும். கலங்கல் இல்லாத, முழங்கால் ஆழத் தண்ணீரில் பங்குனி வெயில் அடித்தால் ஆய்வகத்தில் பிழைக்கிற அளவே அங்கே கொல்லும்.

பொன்னமராவதி, மீன் வளர்ப்பவர்: நான் விட்ட கட்லா, ரோகு குஞ்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. அப்ப தண்ணி சரிதானே?

இந்தக் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கட்லா, ரோகு முட்டை பொரிப்பகத்தில் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிந்து, சுமார் 3 நாளில் மஞ்சள் கருவை முடித்துவிடும். நீங்கள் வாங்கி விடுகிற விரலளவு குஞ்சு அந்த ஆபத்தான கட்டத்தை நல்ல தண்ணீரிலேயே கடந்து வந்தது. நம் விராலும் கெண்டையும் அயிரையும் அப்படியில்லை. புதுத்தண்ணீர் வந்ததும் இங்கேயே முட்டையிடுகின்றன, எண்ணெயைக் கழுவிக்கொண்டு வருவதும் அதே புதுத்தண்ணீர்தான். கட்லா நன்றாக இருந்து, ஓரப்புல்லில் விரால் குஞ்சுக் கூட்டமும் அயிரையும் வருடத்துக்கு வருடம் குறைந்தால் வரத்துக்காலைச் சந்தேகப்படுங்கள்.

பிழைத்த குஞ்சும் முழுசாகத் தேறியது என்று சொல்ல முடியாது. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபின், சால்மன் முட்டைகளை வைத்து நீண்டநாள் ஆய்வு செய்தார்கள். முட்டையில் எண்ணெய் பட்ட குஞ்சுகள் வெளித்தோற்றத்தில் சரியாக இருந்தும், வளர்ந்து திரும்பி வந்தவை குறைவு. வேகமாக நீந்த முடியாத குஞ்சு கொக்குக்கும் பெரிய மீனுக்கும் இரையாகிவிடும். செத்த மீன் கரையில் ஒதுங்காததால் இந்த இழப்பு யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

திருமயம், ஊராட்சி உறுப்பினர்: சட்ட அளவுக்குள்ளதான் விடுறோம்னு சொல்றாங்களே, ஐயா?

உள்நாட்டு நீர்நிலைக்கு எண்ணெய், கிரீஸ் பொது வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம், சுத்திகரிப்பு ஆலைக்கு 5. அது மொத்த எண்ணெயின் அளவு. முட்டைக்குக் கேடு செய்யும் பல்வளைய ஹைட்ரோகார்பன் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே போதும். மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒன்று மைக்ரோகிராம். அறிக்கை கேட்கும்போது இந்தப் பல்வளைய ஹைட்ரோகார்பனைத் தனியே அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அதே கேள்வியாளர்: மாதிரி எப்படி எடுக்கிறது?

கண்ணாடி பாட்டிலில் மட்டும் எடுங்கள். பிளாஸ்டிக் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு அளவு குறைத்துக் காட்டும். எண்ணெய், கிரீஸுக்கு 1 லிட்டர் வாய் அகன்ற பாட்டில். அந்தத் தண்ணீரிலேயே அலசிவிட்டு நிரப்பாதீர்கள், அலசும்போது ஒட்டும் எண்ணெய் அளவைக் கூட்டிவிடும். அமிலம் சேர்த்து பி.எச். 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும், அதை ஆய்வகத்தாரிடமே போட்டு வாங்குங்கள். பல்வளைய ஹைட்ரோகார்பனுக்குப் பழுப்பு நிறப் பாட்டில், வெளிச்சம் படாமல் ஐஸ் பெட்டியில். 7 நாளுக்குள் ஆய்வகத்தில் தண்ணீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்துவிட வேண்டும். மழை நின்று நாலு நாள் கழித்துப் போனால் ஒன்றும் அகப்படாது. முதல் வெள்ளம் மடுவில் ஏறும்போதே எடுங்கள்.

பள்ளத்தூர்: குஞ்சு விடுறதுக்கு முன்னாடி நாமளே சோதிச்சுப் பார்க்க வழி உண்டா?

உண்டு. ஒரு மீட்டர் அளவில் மூன்று ஹாப்பா வலை, அதாவது தண்ணீருக்குள் கட்டிவிடுகிற பெட்டி போன்ற பொடிக்கண் வலை. இரண்டை வரத்துக்கால் வாயருகே, ஒன்றை நம்பிக்கையான தண்ணீரில் கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கூட்டத்துக் குஞ்சு 20. நான்கு நாள், அதாவது 96 மணி நேரம், தினம் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். நல்ல தண்ணீரிலேயே இரண்டுக்கு மேல் செத்தால் குஞ்சு பயணத்தில் அடிபட்டது, சோதனை செல்லாது. விடியுமுன் ஆக்சிஜனும் பாருங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சாவுக்கு எண்ணெயைக் காரணம் சொல்ல முடியாது. இது குஞ்சுக்கான சோதனை. முட்டைக்கு இது உத்தரவாதம் ஆகாது.

கானாடுகாத்தான்: ஊருணியில டீசல் படிஞ்சிருச்சு. சோப்புத்தூள் போட்டா கலைஞ்சிரும்ங்கிறாங்க, போடலாமா தம்பி?

வேண்டாம் ஆச்சி. சோப்பு எண்ணெயைப் பொடித்துளியாக்கித் தண்ணீருக்குள் இறக்கும். மேலே கிடந்தது அப்போதுதான் முட்டைக்குப் போய்ச் சேரும், சோப்பு செவுளையும் அரிக்கும். காற்று ஒதுக்குகிற மூலையில் வைக்கோல் திணித்த வலைப்பையை மிதக்கவிட்டு, ஊறியதும் எடுத்து வேறு பை போடச் சொல்லுங்கள். எடுத்ததைக் கரையில் போட்டு வைத்தால் அடுத்த மழை திரும்ப உள்ளே கொண்டுவந்துவிடும், டிரம்மில் மூடி வெளியே அனுப்ப வேண்டும். கரைந்துபோனதை வைக்கோல் எடுக்காது. அதனால் வாசனை போகும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்க வேண்டாம். வாசனை போன பிறகும் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டே எடுங்கள்.