2-ஐ வைத்து ஃபெர்மா சோதனை செய்யும் என் நிரல் 4294967297 பகா எண் என்கிறது, சரியா?

இல்லை, அது பகு எண். 641 × 6700417. இரண்டும் பகா எண்கள், எனவே இதன் வகுத்திகள் மொத்தமே நான்குதான்.

ஆனால் உங்கள் நிரல் கணக்கில் தவறு செய்யவில்லை. 2-ஐ வைத்து ஃபெர்மா சோதனை செய்ததாக எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் சிக்கல். n பகா எண்ணா என்று பார்க்க, 2-இன் (n − 1)-ஆம் அடுக்கை n ஆல் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை; மீதி 1 வராவிட்டால் n பகு எண், ஆனால் 1 வந்தாலே பகா எண் என்று ஆகிவிடாது. இந்த எண் 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டியது. அதனால் 2-இன் 32-ஆம் அடுக்கை இதால் வகுத்தால் மீதியை −1 என்று எடுத்துக்கொள்ளலாம், 64-ஆம் அடுக்குக்கு மீதி 1, சோதனையில் வரும் 4294967296-ஆம் அடுக்கோ 64-இன் மடங்கு, ஆக மீதி 1 வந்தே தீரும். 2-க்குப் பதில் 3-ஐப் போட்டுப் பாருங்கள், மீதி 3029026160 வரும், உடனே பிடிபட்டுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த எண் இது, அதனால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். 2-இன் 1, 2, 4, 8, 16 என இரட்டித்துப் போகும் அடுக்குகளோடு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று போகும் ஃபெர்மா எண்கள் வரும், அவற்றில் இது ஆறாவது. முதல் ஐந்தும் பகா எண்கள், ஆகவே வரிசை முழுவதும் அப்படித்தான் என்று ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் 641-ஐக் காட்டினார். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட 1 அதிகமாக இருக்க வேண்டும் என்பதும் அவர் நிரூபித்ததுதான். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வருகின்றன, ஐந்தாவதிலேயே விடை! பின்னால் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா (Lucas) அந்த 64-ஐ 128 ஆக்கினார், இப்போது மிஞ்சுவது 257-உம் 641-உம் மட்டுமே. அந்த ஐந்து ஃபெர்மா எண்களையும் பெருக்கினால் 4294967295, நம் எண்ணைவிடச் சரியாக 2 குறைவு, ஆகவே 257 ஆல் வகுத்தால் மீதி 2, அதுவும் போயிற்று.

641 வகுக்கும் என்பதைப் பெரிய வகுத்தல் எதுவும் போடாமலே காட்டலாம், இதை ஒருமுறையாவது தாளில் எழுதிப் பாருங்கள். 641 = 5 × 128 + 1, அதாவது 641 ஆல் வகுக்கும்போது 5 × 128-க்கு மீதி −1. நான்காம் அடுக்கு எடுத்தால் 625 × (2-இன் 28-ஆம் அடுக்கு), மீதி 1. ஆனால் 641 = 625 + 16, எனவே 625 இருக்கும் இடத்தில் −16 போடலாம், 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு, சேர்த்தால் 32-ஆம் அடுக்கு வந்துவிடுகிறது, அதன் மீதி −1. ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம். இதைவிட அழகான நிரூபணம் எண் கணிதத்தில் எனக்குத் தெரிந்து குறைவு.

அப்புறம் இன்னொன்று, இதை 65536² + 1² என்றும் எழுதலாம், 62264² + 20449² என்றும் எழுதலாம். பகா எண்ணாக இருந்தால் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும், ஆகவே இந்த இரண்டாவது வடிவம் மட்டும் கையில் இருந்தாலே 641 தெரியாமலும் இது பகு எண் என்று சொல்லிவிடலாம்.